மேடைக் கல்லை எங்கே வைத்து அறுத்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை உங்கள் நாளிதழோடு வந்த வீட்டு இணைப்பிதழில், சமையல் மேடைக்குக் கிரானைட் போடலாமா, குவார்ட்ஸ் போடலாமா என்று அரைப் பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. காலையில் காபி குடித்துக்கொண்டே என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். குவார்ட்ஸ் ‘இயற்கைக் கல்’, ‘பராமரிப்பே வேண்டாம்’, ‘எந்தச் சூட்டையும் தாங்கும்’ என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தார்கள். மூன்றாவதைக் கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள். “எழுதினவங்க வீட்டுல பிரியாணி செய்வாங்களான்னு கேட்டு ஒரு லெட்டர் போடுங்க” என்றாள். அதனால் எழுதுகிறேன். ஆனால் இதில் சிரிக்கிற விஷயம் பாதிதான். மீதிப் பாதி, அந்தக் கல்லை அறுக்கிறவர்களின் உடம்பைப் பற்றியது. அது அந்தக் கட்டுரையில் வரவே இல்லை.

நான் 1981 முதல் 2017 வரை ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப்.பில் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்தவன். வீடு வில்லிவாக்கத்தில். கல் வியாபாரம் என் தொழில் இல்லை. ஆனால் இதுவரை நாலு மேடைக்குப் பக்கத்தில் நின்று வேலை வாங்கியிருக்கிறேன். அதில் மூன்றில் ஏமாந்திருக்கிறேன்.

1992-ல் எங்கள் வீட்டைக் கட்டியபோது கிரானைட் என் சம்பளத்துக்கு எட்டாத பொருள். கொத்தனார் கடப்பா கல்லைச் சொன்னார். மேடைக்கும் கடப்பா, அலமாரித் தட்டுக்கும் கடப்பா, தண்ணீர்க் குடம் வைக்கிற திண்டுக்கும் கடப்பா. அந்தக் காலத்துச் சென்னையில் பாதி வீடு அப்படித்தான். புதிதில் எண்ணெய் தடவின மாதிரி கறுகறுவென்று இருந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, புளி கரைத்து வைக்கிற கிண்ணத்தின் அடிவட்டம் வெள்ளையாக விழுந்துவிட்டது. எலுமிச்சை பிழிகிற இடத்தில் பொட்டுப் பொட்டாக வெளுப்பு. என்ன தேய்த்தும் போகவில்லை. அது கறையாக இருந்தால்தானே போகும்? கல்லையே புளிப்பு தின்றிருந்தது. கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை. மார்பிளும் அதற்கு உறவுதான். தயிரும் புளியும் தக்காளியும் தினம் புழங்குகிற வீட்டில் பளபளவென்று வெள்ளை மார்பிளில் மேடை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அவர்கள்மேல் பரிதாபம்தான் வரும். என் மனைவி தேங்காய் எண்ணெய் தடவித் தடவி அந்தக் கடப்பாவைப் பதினேழு வருஷம் ஓட்டினாள்.

2009-ல் பையன் வேலைக்குப் போனதும் முதல் வேலையாக அம்மாவுக்கு மேடை மாற்றிக் கொடுத்தான். ‘ஜெட் பிளாக்’ கிரானைட் என்று கடையில் காட்டினார்கள். மை மாதிரி கறுப்பு. ஒரு புள்ளி, ஒரு கோடு கிடையாது. எங்கள் பக்கத்தில் விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கல் அப்படி ஒரே கறுப்பாக வரும், நல்ல விலை, வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு. எங்களுக்குச் சொன்ன விலையோ அதில் பாதி. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இரண்டு வருஷத்தில் சிங்க் ஓரம் மட்டும் சாம்பல் பூத்தது. உப்புத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டோம். ஒருநாள் என் அண்ணன் மகள் மேடையில் சாய்ந்தபடி பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டு நகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் அந்தப் பஞ்சைக் கல்லின் மேல் வைத்து எடுத்தாள். பஞ்சின் அடியில் கறுப்பு. இன்னொரு தரம் தேய்த்தாள், இன்னும் கறுப்பு. “சித்தப்பா, உங்க கல்லு டை அடிச்சிருக்கு” என்றாள். வீடே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பு என்று விற்றிருக்கிறார்கள். கடைக்குப் போய்க் கேட்டேன். “பழைய பில் இருக்கா சார்?” என்றார் கல்லாவில் இருந்தவர். இருந்தது, ஆனால் அதில் ‘பிளாக் கிரானைட்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது. கறுப்புக் கல் வாங்கப் போகிறவர்கள் ஒரு துண்டு சாம்பிள் வாங்கி, வீட்டில் ரிமூவர் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். ஐந்து ரூபாய்ச் செலவு.

ஆக, இயற்கைக் கல் என்றாலே உத்தமம் என்று சொல்ல நான் வரவில்லை. பக்கத்து வீட்டில் ‘காஷ்மீர் ஒயிட்’ போட்டார்கள். பெயர்தான் காஷ்மீர், கல் நம்ம மதுரைப் பக்கத்துச் சரக்கு. வெள்ளையில் சிவப்புப் பொட்டு, பார்க்க அழகு. ஆனால் வெளிர் கிரானைட் எண்ணெயை உறிஞ்சும். மேலே நுண்துளைகளை அடைக்கிற சீலர் அடித்து, அதைச் சில வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இப்போது அடுப்பு ஓரம் நல்லெண்ணெய் ஜாடி வைக்கிற இடத்தில் நிரந்தரமாக ஒரு நிழல் விழுந்திருக்கிறது.

சரி, குவார்ட்ஸுக்கு வருகிறேன். 2021-ல் என் மகன் பெரும்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கினான். மருமகளுக்கு வெள்ளை மேடைதான் வேண்டும். இன்டீரியர் வேலை எடுத்தவர் குவார்ட்ஸைச் சொன்னார். அப்போதுதான் அது என்ன பொருள் என்று விசாரித்தேன். ஊரில் வெங்கச்சங்கல் என்போமே, சின்ன வயதில் இருட்டில் இரண்டை உரசிப் பொறி பறக்கவிட்டு விளையாடியிருப்போமே, அந்தக் கல்தான் குவார்ட்ஸ். அதை மணலாகவும் மாவாகவும் பொடித்து, அதோடு நூற்றுக்கு ஏழிலிருந்து பத்துப் பங்கு வரை பாலியஸ்டர் பிசின், கொஞ்சம் நிறமி கலந்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதிரவைத்து அழுத்திப் பலகையாக்கி, சூடு காட்டி இறுக வைக்கிறார்கள். இத்தாலியில் பிரெட்டன் என்ற எந்திரக் கம்பெனி உருவாக்கிய முறை இது. இன்று நம் நாட்டிலேயே செய்து அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாக அனுப்புகிறார்கள். எந்திரத் தொழிலாளி என்ற முறையில் எனக்கு அந்த வேலைப்பாட்டின் மேல் மரியாதை உண்டு. ஆனால் அதை இயற்கைக் கல் என்று எழுதுவது, ரஸ்க்கைக் கோதுமை என்று சொல்வது மாதிரி.

அந்தப் பத்துப் பங்கு பிசினில்தான் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. பிசின் இருப்பதால் நீர் இறங்காது, சீலர் வேண்டாம், எண்ணெய் நிழல் விழாது. மஞ்சள் சிந்தினால் உடனே துடைத்தால் போய்விடுகிறது. ராத்திரி முழுக்க விட்டால் லேசாக நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பிசின் பழுப்பேறும். நம் தோசைக்கல் 200-ஐச் சாதாரணமாகத் தொடும். பால் காய்ச்சி, குடி போன மூன்றாவது மாதம், ரம்ஜானுக்குப் பக்கத்து ஃபிளாட்டுக்காரர்கள் சொல்லிக்கொடுத்தபடி மருமகள் தம் பிரியாணி செய்தாள். அடியில் தோசைக்கல், மேலே அண்டா. இறக்கும்போது தோசைக்கல்லை அப்படியே மேடையில் வைத்துவிட்டாள். எடுத்துப் பார்த்தால் வளையல் மாதிரி ஒரு பழுப்பு வட்டம். சோப்பு, வினிகர், சமையல் சோடா எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. கம்பெனியில் கேட்டதற்கு, உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தில் சூட்டினால் வரும் சேதம் சேராது என்று சின்ன எழுத்தில் இருப்பதைக் காட்டினார்கள். இப்போது அந்த வட்டத்தின் மேல் நிரந்தரமாக ஒரு மரப்பலகை இருக்கிறது. என் மனைவி அங்கே போகும்போதெல்லாம் அந்தப் பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைப்பாள். ஒன்றும் பேசமாட்டாள். மருமகளுக்கு அதுதான் கோபம்.

அடுத்தது விரிசல். மேடைக்குள் பதிக்கிற ஹாப் அடுப்புக்காகக் கல்லில் செவ்வகமாக ஓட்டை வெட்டுவார்கள். எங்கள் மெஷின் ஷாப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம், உள்மூலையைக் கூர்மையாக விடாதே என்பது. விசையெல்லாம் அந்த மூலையில்தான் போய்க் கூடும். மகன் வீட்டில் நாலு மூலையையும் பிளேடால் கீறின மாதிரி கூராக வெட்டிவிட்டார்கள். ஒரு வருஷத்தில் ஒரு மூலையிலிருந்து முடி போல ஒரு கோடு கிளம்பியது. இது குவார்ட்ஸின் குற்றம் இல்லை, கிரானைட்டிலும் வரும். முதலில் மூலைக்கு ஒரு துளை போட்டு, துளைக்குத் துளை அறுத்திருந்தால் வந்திருக்காது. அப்புறம் சர்வீஸ் பால்கனியில் மீந்த துண்டைப் போட்டு வைத்திருந்தார்கள். சாயங்கால வெயில் நேராக விழும் இடம். இப்போது அது மோர்க்குழம்பு நிறத்தில் இருக்கிறது. வெயிலும் பிசினுக்கு ஆகாது.

இத்தனைக்கும் மருமகளுக்கு அந்த மேடைதான் பிடித்திருக்கிறது. “துடைச்சா போச்சு மாமா, வேறென்ன வேணும்?” என்கிறாள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு. வாரத்தில் நாலு நாள் இண்டக்‌ஷன் அடுப்பில்தான் சமையல். அந்த வீட்டுக்கு அந்தக் கல் சரி என்றே நானும் நினைக்கிறேன். வடாம் பிழிவது, மாவிளக்குப் போடுவது, குக்கரை இறக்கி நேரே கல்லில் வைப்பது என்று ஓடுகிற எங்கள் வீட்டுக்குத்தான் அது சரிவராது.

குவார்ட்ஸ் விற்பவர்கள் இப்போது இன்னொன்றும் சொல்கிறார்கள், கிரானைட்டிலிருந்து கதிர்வீச்சு வருமாம். அளவு சொல்லாமல் சொன்னால் எதுவும் பயமுறுத்தும். கிரானைட்டில் யுரேனியமும் தோரியமும் மிக மிகச் சிறிய அளவில் இருப்பது உண்மை. அவை சிதைவதால் உண்டாகும் கதிரியக்க ரேடான் வாயு வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் தரைக்கு அடியில் இருக்கும் மண்ணிலிருந்து, மேடையிலிருந்து இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிற சென்னைச் சமையலறைக்கு இது ஒரு கவலையே கிடையாது. பரங்கிமலையும் பல்லாவரமும் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர்கள். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போன கல் இந்தப் பக்கத்துக் கல்தான். அவர் பெயரைச் சேர்த்தே அந்தக் கல் வகைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார்கள். அந்த மலையைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் கருங்கல் அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் அரைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

உண்மையில் பயப்பட வேண்டிய விஷயத்தை யாரும் சொல்வதில்லை. அதை நான் மகன் வீட்டு மூன்றாவது மாடி நடையில் பார்த்தேன்.

குவார்ட்ஸ் பலகையைக் கடையில் அறுத்துக் கொண்டுவருவார்கள் என்று நினைத்திருந்தேன். முழுப் பலகையாகத்தான் தூக்கி வந்தார்கள். பெரியவர் ஒருவர் ராஜஸ்தான்காரர், இன்னொருவன் செங்கம் பக்கத்துப் பையன், பத்தொன்பது இருபது வயது இருக்கும். லிஃப்டுக்கு வெளியே நடையில் இரண்டு கட்டையைப் போட்டுப் பலகையைக் கிடத்தினார்கள். பையன் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு கையில் பிடிக்கிற கட்டிங் மெஷினை வைத்தான். சத்தத்தைவிட முதலில் வந்தது புகை. புகை இல்லை, தூள். சிங்க் ஓட்டை மட்டும் முக்கால் மணி நேரம். எதிர் வீட்டுச் செருப்பு ஸ்டாண்ட், கைப்பிடி, துளசித் தொட்டி எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்த மாதிரி ஆகிவிட்டது. எதிர் வீட்டம்மா கதவைத் திறந்து திட்டிவிட்டு ஈரத் துணியைக் கதவிடுக்கில் செருகிக்கொண்டார். அந்தப் பையனின் இமை மயிர் வெள்ளை, காதோரம் வெள்ளை. தொண்ணூறு வயதுக் கிழவன் முகத்தில் இருபது வயதுக் கண் இருந்த மாதிரி இருந்தது.

மருமகள் எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். பையன் டம்ளரை வாங்கிப் படிக்கட்டுச் சுவரில் வைத்துவிட்டு, “இந்த ஒரு கட்டிங் முடிச்சுட்டுக் குடிக்கிறேன்கா” என்றான். முடித்துவிட்டு வந்து கைக்குட்டையை இறக்கினான். மோரின் மேல் பாலாடை மாதிரி ஒரு வெள்ளைப் படலம். அதை உதட்டால் ஊதி ஓரம் தள்ளிவிட்டு ஒரே மூச்சில் குடித்தான்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பத்தாறு வருஷம் மெஷின் ஷாப்பில் நின்றவன் நான். இரும்பை வெட்டும்போதுகூடக் கருவியின் மேல் கூலன்ட் என்கிற குளிர்விக்கும் திரவம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எத்தனை புதுப் பையன்களை அதட்டியிருப்பேன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. வேலை நின்றுவிடக் கூடாதே என்பதுதான் என் மனசில் இருந்தது.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அம்மாவின் அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறையில் துளை போடுகிற வேலை. நான் பார்த்தபோது அவர் வேலையை விட்டு வீட்டில் இருந்தார். படுத்துத் தூங்கி நான் பார்த்ததே இல்லை. சுவரில் இரண்டு தலையணையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். படுத்தால் மூச்சு வராது. ‘மைன்ஸ் இருமல்’ என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு ஒன்பது வயது ஆனபோது, 1966-ல் போய்விட்டார். தங்கவயலில் தங்கம் தனியாகக் கிடக்காது, குவார்ட்ஸ் நரம்புக்குள்தான் இருக்கும். அந்தக் கல்லைத் துளைக்கும்போது பறந்த தூள்தான் அவர் நெஞ்சில் தங்கியது. 1940-களில் அங்கே ஏழாயிரத்துச் சொச்சம் தொழிலாளிகளைப் பரிசோதித்ததில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் சிலிக்கோசிஸ், அதாவது சிலிக்காத் தூளால் வரும் நுரையீரல் நோய், இருந்ததாகப் பதிவு இருக்கிறது. சிலிக்கா என்பதும் வெங்கச்சங்கல், குவார்ட்ஸ் என்கிற அதே பொருள்தான் என்று எனக்குத் தெரிந்ததே 2023 கடைசியில்தான்.

மெல்போர்னில் இருக்கிற என் தங்கை மகன் போன் செய்து, “மாமா, இங்கே அந்தக் கல்லையே தடை பண்ணப் போறாங்க” என்றான். நடந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவில் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையைச் செய்யவோ விற்கவோ அறுக்கவோ பொருத்தவோ கூடாது. 2025 ஜனவரி 1 முதல் இறக்குமதியும் கிடையாது. இஸ்ரேலில் 2012-லேயே மருத்துவர்கள் இந்தக் கல்லை அறுத்த 25 பேரின் நுரையீரல் நோயைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மருமகள் முதல் எல்லோரும் பயந்துவிடுவார்கள். வீட்டில் பதித்த குவார்ட்ஸ் மேடை சமைக்கிறவர்களை ஒன்றும் செய்யாது. தடை, அதை அறுக்கிறவனுக்காக.

கணக்கு எளிது. குவார்ட்ஸ் பலகையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சிலிக்கா. கிரானைட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கறுப்பு வகைகளில் இன்னும் குறைவு. மார்பிளில் மிகக் கொஞ்சம். கண்ணுக்குத் தெரிகிற தூளை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். ஆளைத் தின்பது கண்ணுக்குத் தெரியாத தூள், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலு பங்கும் அதற்குக் கீழும். அது காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும், நுரையீரலின் அடிவரை போகும், போனால் திரும்பாது. கைக்குட்டை அதற்குக் கொசுவலையில் தண்ணீர் பிடிக்கிற கதை. தங்கவயலில் தாத்தாவுக்கு இருபது வருஷம் எடுத்தது. குவார்ட்ஸ் பலகை அறுக்கிறவர்களுக்குச் சில வருஷத்திலேயே வந்துவிடுகிறது. மருந்து கிடையாது.

1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே சிலிக்கோசிஸ் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருந்தது. ஆனால் மூன்றாவது மாடி நடை எந்தத் தொழிற்சாலை? அந்தப் பையனை எந்த இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார்?

இந்த வருஷம் தை மாதம் எங்கள் மேடையையே மறுபடி மாற்ற வேண்டி வந்தது. டை அடித்த கல் சிங்க்குக்கு முன்னால் இருக்கிற மூன்று அங்குலப் பட்டையில் உடைந்துவிட்டது. எல்லா மேடையும் முதலில் உடைகிற இடம் அதுதான். மாதவரம் பக்கம் நாலு கடை ஏறி இறங்கினோம். குவார்ட்ஸ் சதுர அடி 520 ரூபாய், நாங்கள் கேட்ட கரும்சாம்பல் கிரானைட் 190 ரூபாய் என்றார்கள். என் மனைவி கைப்பையில் ஒரு எலுமிச்சம்பழமும் சின்ன பாட்டிலில் நல்லெண்ணெயும் எடுத்து வந்திருந்தாள். கல்லுக்குக் கல் ஒரு சொட்டு விட்டு, பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிடுவாள். கடைக்காரர்கள் முதலில் கேலி செய்தார்கள், அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார்கள். நான் கேட்டது ஒன்றுதான். “எங்க வெச்சு அறுப்பீங்க?” மூன்று கடையில் “சைட்லதான் சார், அளவு அங்கதானே தெரியும்” என்றார்கள். நாலாவது கடையின் பின்பக்கம் தண்ணீர் பாய்கிற பெரிய அறுவை எந்திரம் இருந்தது. சுற்றிலும் சேறு, தூள் இல்லை. அவரிடம் வாங்கினோம்.

அளவை நானே எடுத்தேன். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, மேடையின் மேல் போட்டு, சுவரின் கோணல், சிங்க் ஓட்டை, அடுப்பு ஓட்டை, மூலைக்கு அரை அங்குலத் துளை எல்லாம் அட்டையிலேயே வெட்டிக் கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு நான் மனசு விட்டுச் செய்த வேலை அது. அட்டையைக் கல்லின் மேல் வைத்துக் கடையிலேயே அறுத்து, முனைக்கு மோல்டிங் போட்டு, துண்டாகக் கொண்டுவந்தார்கள். வண்டி இரண்டு நடை வந்ததற்குக் கூடுதலாக 1,800 ரூபாய். 27 சதுர அடி மேடைக்கு அது பெரிய பணம் இல்லை. சாயம் போன கல்லில் நான் இழந்ததைவிடக் குறைவு.

ஒரு துண்டு மட்டும் அரை அங்குலம் அதிகமாக இருந்தது. அட்டை ஈரத்தில் உப்பியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது. மேஸ்திரி உடனே கிரைண்டரை எடுத்தார். அதைக் கடைக்கே திருப்பி அனுப்பினால் ஒரு நாள் போகும். கடைசியில் பின்பக்க முற்றத்தில், பாட்டில் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அவர் அறுக்க அறுக்க நான் தண்ணீர் விட்டேன். வீட்டில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்துகிற ஈ.எல்.சி.பி. இருப்பதைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தேன். ஆனாலும் இதைப் படித்துவிட்டு யாரும் செய்ய வேண்டாம். சாதாரண கிரைண்டரும் தண்ணீரும் சேரக் கூடாத இரண்டு. தண்ணீர்க் குழாய் பொருத்திய கட்டிங் மெஷின் கடைகளில் கிடைக்கிறது. மேஸ்திரிகளிடம் அது ஏன் இல்லை என்பதுதான் கேள்வி. நான் மனைவியிடம் திட்டு வாங்கியது வேறு விஷயத்துக்கு. சேற்றை அப்புறம் கழுவிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சேறு காய்ந்தால் மறுபடி அதே தூள்தான், ஈரத்திலேயே கழுவி விட வேண்டும். அவள் வாளியும் துடைப்பமும் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

இனி உங்களிடம் கேட்பது. இணைப்பிதழில் அடுத்த முறை கல்லைப் பற்றி எழுதும்போது விலை, நிறம், பளபளப்போடு, ‘கடையில் தண்ணீர் விட்டு அறுத்துத் தருவீர்களா என்று கேளுங்கள்’ என்ற ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால் மாதவரத்தில் நாலில் ஒரு கடையில் இருக்கிற எந்திரம் நாலிலும் வரும். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள், ஞாயிற்றுக்கிழமை டிரில் போடக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டுகின்றன. நடையிலும் மாடிப்படியிலும் உலர் அறுவை கூடாது என்று அதன் கீழே இன்னொரு வரி எழுதலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் கல் அறுக்கிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு நெஞ்சு எக்ஸ்ரேக்கும், கைக்குட்டைக்குப் பதில் உருப்படியான முகக் கவசத்துக்கும் வழி செய்ய வேண்டும். கொரோனாவில் என்-95 என்றால் என்ன என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. சிலிக்கா குறைந்த செயற்கைக் கல்லும் வெளிநாட்டில் வந்துவிட்டதாக என் தங்கை மகன் சொல்கிறான். நான் இங்கே கடைகளில் கேட்டபோது “நானோ ஒயிட்டா சார்?” என்று வேறொரு வெள்ளைப் பலகையின் பெயரைச் சொல்லித் திருப்பிக் கேட்டார்கள்.

அந்தப் பையனை அப்புறம் நான் பார்க்கவில்லை. இன்டீரியர் வேலை எடுத்தவரிடம் கேட்டேன். “அவன் இப்ப ஓ.எம்.ஆர். பக்கம் பெரிய புராஜெக்ட்ல இருக்கான் சார், நல்லா சம்பாதிக்கிறான்” என்றார். போன் நம்பர் மாறிவிட்டதாம்.

கடிதம் நீளமாகிவிட்டது, தெரிகிறது. இடம் போதாவிட்டால் கடப்பா கல், டை அடித்த கிரானைட், பிரியாணி எல்லாவற்றையும் வெட்டிக்கொள்ளுங்கள். மோர் டம்ளரை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஐ.சி.எஃப். தொழிலாளி,
வில்லிவாக்கம், சென்னை – 49